ப்ரூச்சைத் திருப்பிப் பாருங்கள்: பழங்கால உடையூசிகளைப் பற்றி நாம் செய்யும் தவறுகள்

அம்மா வளையலில் கோத்து வைத்திருக்கும் ஊக்கு ஒன்றைக் கழற்றி உள்ளங்கையில் வையுங்கள். ஒரே கம்பிதான். ஒரு முனையில் சுருளாகச் சுற்றியிருக்கிறது; அந்தச் சுருள் ஊசியை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். மறுமுனையில் தொப்பி மாதிரி ஒரு தகடு ஊசி நுனியைப் பிடித்து வைத்திருக்கும். இந்த இரண்டும் நாள் முழுக்க ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்பதால்தான் முந்தானை தோளை விட்டு நழுவுவதில்லை.

கி.மு. 13ஆம் நூற்றாண்டு வாக்கிலேயே வட இத்தாலியிலும் மைசீனிய கிரேக்கத்திலும் வெண்கலக் கம்பியில் இதே ஏற்பாட்டைச் செய்துவிட்டார்கள். வயலின் வில் போல நீண்டு மெலிந்த அந்த ஊசிகளுக்கு ஃபிபுலா என்று பெயர். அதனால், 1849இல் அமெரிக்காவில் வால்டர் ஹன்ட் என்பவர்தான் ஊக்கைக் கண்டுபிடித்தார் என்று எழுதுவது பாதிதான் சரி. அவர் காப்புரிமை வாங்கினார், அதை 400 டாலருக்கு விற்கவும் செய்தார். ஆனால் சுருளின் விசையால் ஊசியைப் பூட்டலாம் என்ற யோசனை அவருக்கு 3,000 வருடம் முந்தியது.

ஃபிபுலா உட்பட, உடையில் குத்தும் பழைய ஐரோப்பிய அலங்கார ஊசிகளான ப்ரூச்சுகளைப் பற்றிப் படிக்கும்போதும், நாடகத்துக்கோ ஓவியத்துக்கோ யாராவது அவற்றைப் பயன்படுத்துவதைப் பார்க்கும்போதும் எனக்குத் தென்படும் தவறுகளில் பெரும்பாலானவை ஒரே பழக்கத்திலிருந்து வருகின்றன. நாம் முகப்பை மட்டும் பார்க்கிறோம். கண்ணாடிப் பெட்டிக்குள் தங்கமும் கல்லும் நம்மைப் பார்த்துத் திரும்பியிருக்கும்; ஊசி பின்னால் இருக்கும்; அது பிடித்திருந்த துணி மக்கிப் போயிருக்கும். பார்த்ததும் 'நகை' என்று முடிவு செய்துவிடுகிறோம். நகையும்தான். ஆனால் பித்தானும் பித்தான் துளையும் ஐரோப்பாவில் பரவலானது 13ஆம் நூற்றாண்டுக்குப் பிறகுதான். அதுவரை பலருக்கு உடம்பில் உடை நின்றதே இந்த ஊசிகளால்தான். அதை எடுத்துவிட்டால் உடை அவிழ்ந்து விழும். இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதித் தவறுகள் தானாகவே சரியாகிவிடும்.

உதாரணத்துக்கு ரோமானியர்களை எடுத்துக்கொள்வோம். பள்ளி மேடையில் ஜூலியஸ் சீசர் வேடம் போடும் பையனுக்கு வெள்ளை வேட்டியைச் சுற்றி, தோளில் பளபளவென்று ஒரு ப்ரூச் குத்தி அனுப்புவார்கள். ரோமானியர்கள் உடம்பைச் சுற்றிப் போர்த்திய டோகா என்ற நீண்ட துணிக்கு ப்ரூச் கிடையாது. மடிப்பும் கனமும் இடது கையும் சேர்ந்துதான் அதைத் தாங்கின. ஃபிபுலா வேண்டியது மேலங்கிக்கு: படைவீரனின் சாகும், தளபதியின் பாலுடமென்டும், பிற்காலத்து கிளாமிஸ்.

அதைக் குத்தும் இடமும் முக்கியம். சினிமாவில் மேலங்கியைத் தொண்டைக்குழியில் மாட்டிவிடுகிறார்கள். கனமான கம்பளித் துணியை அப்படி மாட்டிக்கொண்டு பத்து நிமிடம் நடந்து பாருங்கள், கழுத்து நெரியும். ரோமானியர்கள் வலது தோளில் குத்தினார்கள். துணியின் திறப்பு வலப்பக்கம் வரும், வாள் பிடிக்கும் கை விடுபட்டிருக்கும். ராவென்னாவில் 547இல் திறந்த சான் விட்டாலே தேவாலயத்தின் மொசைக்கில் பேரரசர் ஜஸ்டினியன் நிற்கிறார். ஊதா மேலங்கி, வலது தோளில் கல் பதித்த பெரிய வட்ட ப்ரூச். பக்கத்தில் நிற்கும் அதிகாரிகளுக்கும் வலது தோள்தான், ஆனால் ப்ரூச்சின் வடிவம் வேறு: குறுக்குவில் போன்றது. அந்தக் காலத்தில் அது பதவியின் அடையாளம். யாருக்கு எது என்பதை மாற்றிப் போட்டால் எழுத்தரை அரசராக்கிவிடுவோம்.

இந்தக் குறுக்குவில் ஃபிபுலாவை நூல்களில் பெரும்பாலும் குறுக்குக் கம்பியும் குமிழ்களும் மேலே இருக்கும்படி அச்சிடுகிறார்கள். அணிந்தது தலைகீழாக. இத்தாலியின் மோன்சாவில் இருக்கும், ரோமானியத் தளபதி ஸ்டிலிகோவின் உருவம் செதுக்கிய தந்தத் தகடு ஏறத்தாழ கி.பி. 400ஐச் சேர்ந்தது. அதில் அவர் தோளில் இருக்கும் ஃபிபுலாவின் குமிழ்கள் கீழே, நீண்ட கால் பகுதி மேலே. ஆகவே படம் வரைகிறவர்கள் நூலில் இருக்கும் நிலையை அப்படியே தோளில் ஒட்டிவிட வேண்டாம்.

வைக்கிங் பெண்களின் முட்டை வடிவ ப்ரூச்சுக்கு இதைவிட மோசமான அநியாயம் நடந்திருக்கிறது. ஆமை ஓடு மாதிரி குவிந்த, ஜோடியாகக் கிடைக்கும் வெண்கல ப்ரூச்சுகள் அவை. இன்றைக்கும் கற்பனை ஓவியங்களில் இவற்றை மார்பகங்களின் மேல், ஏதோ கவசக் கிண்ணம் போல உட்கார வைக்கிறார்கள். கல்லறைகளில் இவை கிடந்தது அதற்கு மேலே, காறை எலும்புக்குக் கொஞ்சம் கீழே. பின்பக்கம் குழிவாக இருக்கும். அந்தக் குழிக்குள் ஊசி. ஊசியில் துணி வளையங்கள் மாட்டியிருக்கும். உள்ளே ஒரு சட்டை, அதன் மேல் தோள்பட்டை வைத்த ஒரு மேலுடை. முதுகிலிருந்து தோள் வழியாக வரும் நீண்ட பட்டியையும் முன்பக்கத்துக் குட்டை வளையத்தையும் இந்த ஊசி இணைக்கும். குழந்தையின் பினோஃபார் சட்டையில் பட்டியை பொத்தானில் மாட்டுகிறோமே, அந்த இடம்தான்.

இவ்வளவு விவரம் எப்படித் தெரியும் என்றால், வெண்கலம் துருப்பிடிக்கும்போது வரும் செப்பு உப்புகள் தம்மைத் தொட்டுக்கொண்டிருக்கும் துணியை மக்கவிடாமல் காக்கின்றன. ஸ்வீடனின் பிர்கா கல்லறைகளில் ஆடை முழுவதும் மண்ணாகிவிட்டது. ப்ரூச்சின் வயிற்றுக்குள் மட்டும் லினன் வளையம், கம்பளித் துணுக்கு என்று தங்கியிருந்தது. ஆக்னஸ் கெய்யர் 1938இல் அந்தத் துணிகளைப் பற்றி வெளியிட்ட ஆய்வு இன்றும் அடிப்படை. முகப்பை மட்டும் வரைந்துகொண்டு போயிருந்தால் இது எதுவும் நமக்குக் கிடைத்திருக்காது.

அப்புறம், மாட்டும் முறை. அயர்லாந்து, ஸ்காட்லாந்து பக்கத்தின் திறந்த வளைய ப்ரூச்சைப் பார்க்கிறவர்கள் ஓரிடத்தில் வளையம் அறுந்திருப்பதாக நினைக்கிறார்கள். அந்த இடைவெளிதான் பூட்டு. நகல் ஒன்றை வாங்கி நானும் முதலில் தப்பாகத்தான் மாட்டினேன். ஊசியைத் துணியில் குத்தி விட்டுவிட்டேன். பேருந்து நிறுத்தம் போவதற்குள் அது கீழே விழுந்துவிட்டது. சரியான முறை இது: துணியை ஒரு மடிப்பாகக் கூட்டி, ஊசியை ஒரு பக்கம் நுழைத்து மறுபக்கம் வெளியே எடுக்க வேண்டும். வளையத்தைத் துணியோடு அழுத்தினால் ஊசி நுனி இடைவெளி வழியாக வளையத்துக்கு மேலே வந்துவிடும். இப்போது கட்டைவிரலால் வளையத்தைக் கால் சுற்று திருப்புங்கள். இடைவெளி ஊசியை விட்டு விலகிப் போகும். துணியின் இழுவிசையே ஊசியை வளையத்தின் மேல் அழுத்திப் பிடித்துக்கொள்ளும். சுருள் கிடையாது, கொக்கி கிடையாது. முதல் தடவை அது நின்றபோது எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சமில்லை.

துணித் தேர்விலும் ஏமாந்தேன். அதே நகலை ஒரு பட்டு துப்பட்டாவில் குத்தியதில் மிளகு பருமனுக்கு இரண்டு ஓட்டைகள். அந்த ஊசி தளர்வாக நெய்த கம்பளிக்கானது. கம்பளியில் அது இழைகளை விலக்கிக்கொண்டு போகும், எடுத்ததும் இழைகள் கூடிவிடும். நெருக்கமான பட்டிலும் மஸ்லினிலும் இழையை அறுத்துவிடும். ஊசியின் பருமனைப் பார்த்தே எப்படிப்பட்ட துணிக்கு அது செய்யப்பட்டது என்று ஓரளவு ஊகிக்கலாம். நீண்ட ஊசி பக்கத்தில் நிற்பவரையும் குத்தும். பழைய அயர்லாந்துச் சட்டத்தில் இதற்கே ஒரு விதி உண்டு: ஆண் தோளிலும் பெண் மார்பிலும் அணிந்திருந்து, ஊசி அளவுக்கு மீறி நீட்டிக்கொண்டிருக்காவிட்டால், அடுத்தவருக்குக் காயம் பட்டாலும் அணிந்தவர் மேல் குற்றம் இல்லை.

பெயரை நம்பி ஏமாறுவது அடுத்தது. அயர்லாந்தின் மிகப் புகழ்பெற்ற ப்ரூச் தாரா ப்ரூச். தாரா என்பது பழைய அரசர்களின் குன்று. ப்ரூச்சுக்கும் அந்தக் குன்றுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. 1850இல் மீத் மாவட்டத்தின் பெட்டிஸ்டவுன் கடற்கரையில் கிடைத்ததாகச் சொல்லப்பட்டது. அதை வாங்கிய டப்ளின் நகை வியாபாரி வாட்டர்ஹவுஸ், நகல்கள் நன்றாக விற்கட்டும் என்று சூட்டிய பெயர்தான் தாரா. நகல்கள் விற்கவும் செய்தன. 1851 லண்டன் பெருங்கண்காட்சியில் அசலும் வைக்கப்பட்டது. இதனால் வந்த விளைவு, பழைய பொருள் சந்தையில் இன்றைக்கும் 19ஆம் நூற்றாண்டு நகல்களை 8ஆம் நூற்றாண்டு என்று நம்பி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். திருப்பிப் பார்த்தால் போதும். பின்னால் நவீன கீலும் குட்டையான ஊசியும் ஒட்டியிருந்தால் அது விக்டோரியா காலத்துச் சட்டைக்குச் செய்தது. அசல் தாரா ப்ரூச்சின் பின்பக்கமோ முகப்புக்கு இணையாகச் சுழல் வேலை செய்தது. அணிந்தால் யார் கண்ணிலும் படாத பக்கத்துக்கு ஒரு கம்மாளர் அவ்வளவு உழைத்திருக்கிறார்.

கிடைத்த இடம், செய்த இடம், வைத்திருந்தவர் எல்லாம் ஒன்றென்று நினைப்பதும் தவறு. 1826இல் ஸ்காட்லாந்தில் கிடைத்த ஹன்டர்ஸ்டன் ப்ரூச் 700ஆம் ஆண்டு வாக்கில் செய்யப்பட்டது. அதன் பின்பக்கத்தில் 10ஆம் நூற்றாண்டில் ஒருவர் ரூன் என்ற பழைய வட ஐரோப்பிய எழுத்தில் கீறி வைத்திருக்கிறார்: இந்த ப்ரூச் மெல்பிரிக்டாவுடையது. எழுத்தும் மொழியும் வைக்கிங்குகளின் நோர்ஸ், பெயர் அயர்லாந்து, ஸ்காட்லாந்து பக்கத்து கேலிக். 200 வருடத்துக்கு மேல் கைமாறி வந்த ஒரு பொருளை 'வைக்கிங் ப்ரூச்' என்று ஒரே சொல்லில் முடித்துவிட முடியாது.

நம்மவர்களுக்கென்றே ஒரு பொறியும் இருக்கிறது. இங்கிலாந்தின் ட்ரூயிடில் புதையலில் கிடைத்த 9ஆம் நூற்றாண்டு வெள்ளிப் பின்னல் போன்றவற்றைத் தொல்லியலாளர்கள் 'டிரிச்சினோபொலி' வேலை என்கிறார்கள். ஆமாம், நம் திருச்சிராப்பள்ளிதான். ஆனால் அந்தச் சங்கிலிகள் திருச்சியில் செய்யப்பட்டவை அல்ல. 19ஆம் நூற்றாண்டில் திருச்சிப் பத்தர்களின் பின்னல் சங்கிலி பிரிட்டனில் பேர்பெற்றிருந்தது. அதைப் போன்ற கம்பிப் பின்னலுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. 'வைக்கிங் கழுத்தில் தமிழன் செய்த சங்கிலி' என்று யாராவது அனுப்பினால் பகிர வேண்டாம். நிஜமான தொடர்பு வேறு இடத்தில் இருக்கிறது. 5, 6ஆம் நூற்றாண்டுகளில் ஃபிராங்க் இனத்தவரின் ப்ரூச்சுகளில் பதித்த சிவப்பு கார்னெட் கற்களைச் சோதித்ததில் பல கற்கள் இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போனவை என்று தெரிந்தது. பின்னால்தான் இன்றைய செக் நாட்டுப் பகுதியான பொஹீமியாவின் கற்கள் அந்த இடத்தைப் பிடித்தன. எனக்கு இது கட்டுக்கதையைவிட எவ்வளவோ பெரிய விஷயம்.

பார்வைக்குச் சந்தேகமாக இருக்கிறது என்பதற்காகப் போலி என்று தள்ளிவிடுவதும் நடக்கிறது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஃபுல்லர் ப்ரூச், 9ஆம் நூற்றாண்டு வெள்ளியில் ஐம்புலன்களையும் உருவமாகக் காட்டுவது. நடுவில் பெரிய கண்களோடு பார்வை இருக்கும். பொருள் மிக நல்ல நிலையில் இருந்ததாலேயே போலி என்றார்கள். கேப்டன் ஃபுல்லர் அதை வெள்ளியின் விலைக்கு வாங்கினார். பிறகு கறுப்பு நிரப்பான நியெல்லோவைச் சோதித்தபோது அது வெறும் வெள்ளி சல்ஃபைடு என்று தெரிந்தது. ஈயம் கலந்த பிற்காலக் கலவை அல்ல, பழைய முறை. 1952இல் அருங்காட்சியகத்துக்குப் போனது. இத்தாலியின் பிரேனெஸ்தே ஃபிபுலாவுக்கும் இதே கதைதான். கி.மு. 7ஆம் நூற்றாண்டுத் தங்கம். மானியோஸ் என்னை நுமாசியோஸுக்காகச் செய்தான் என்று லத்தீனின் மிகப் பழைய வாசகங்களில் ஒன்று அதில் இருக்கிறது, அதுவும் ஊசி நுனியைப் பிடிக்கும் தகட்டின் மேல். 1980இல் போலி என்று வாதிட்டார்கள். 2011இல் உலோகத்தின் மேற்பரப்பைச் சோதித்து அசல் என்றார்கள்.

தங்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் தவறிப்போவது சாதாரண ஊசிகள். கனடாவின் லான்ஸ் ஓ மெடோஸில் 1968இல் கிடைத்த வெண்கல வளைய ஊசிக்குக் கல்லும் இல்லை, பூ வேலையும் இல்லை. கொலம்பஸுக்கு ஏறத்தாழ 500 வருடம் முன்பே வைக்கிங்குகள் அங்கே இறங்கியிருந்தார்கள் என்பதற்கு அது உறுதியான சாட்சிகளில் ஒன்று.

இங்கிலாந்தில் வசிக்கும் நம்மவர்கள் யாருக்காவது வயலில் இப்படி ஒன்று தட்டுப்பட்டால், தயவுசெய்து குழாயடிக்குக் கொண்டுபோகாதீர்கள். புளியும் விபூதியும் போட்டுத் தேய்க்கும் நம் பழக்கம் குத்துவிளக்குக்குச் சரி, இதற்கு ஆகாது. பச்சைத் துருவோடு ஊசியில் ஒட்டிய இழையும் போய்விடும். 300 வருடத்துக்கு மேற்பட்டதாக இருந்து பத்தில் ஒரு பங்காவது தங்கமோ வெள்ளியோ இருந்தால், 1996 புதையல் சட்டப்படி 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். வெறும் வெண்கலமானாலும் அந்தப் பகுதியின் கண்டெடுப்பு அலுவலரிடம் காட்டுங்கள். அதுவரை ஒட்டிய மண்ணோடு ஒரு டப்பாவில், ஊசிப் பக்கம் மேலே இருக்கும்படி வையுங்கள். கிடைத்த இடத்தை அன்றைக்கே ஒரு தாளில் குறித்து அதே டப்பாவில் போட்டுவிடுங்கள்.