பச்சைக் குளத்துக்குச் சத்து எங்கிருந்து வருகிறது: கண்டறியும் வழிமுறை

குளத்து நீர் பச்சை பிடித்துவிட்டால் பாசியை வாரிக் கரையில் போடுவதற்கே எல்லோரும் முதலில் முனைகிறார்கள். அந்த அவசரத்தில், பாசிக்குத் தீனியான சத்து எந்த வழியாக உள்ளே வந்தது என்ற கேள்வி விடுபட்டுப் போகிறது. அடுத்த வெயில் காலத்தில் அதே பச்சை மீண்டும் வந்து நிற்கிறது. பாசியின் உடலில் கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ் ஆகிய அணுக்கள் ஏறத்தாழ 106:16:1 என்ற விகிதத்தில் இருப்பதால், ஒரு கிலோ பாஸ்பரஸ் உள்ளே வந்தாலே நூறு கிலோவுக்கும் மேற்பட்ட உலர்ந்த பாசி உருவாக இடமுண்டு. ஆகவே இங்கே சொல்லப்படும் வேலையில் பெரும்பகுதி குளத்துக்கு உள்ளே அல்ல, வரத்துக் கால்வாய்களின் ஓரத்தில்தான் நடக்கிறது.

முதலில் குளத்தின் நிலையை அளந்து கொள்ள வேண்டும். இருபது சென்டிமீட்டர் விட்டமுள்ள தட்டு ஒன்றை நான்கு பாகமாகப் பிரித்து, கறுப்பும் வெள்ளையும் மாற்றி மாற்றி வண்ணம் பூசி, அடியில் எடை கட்டி, அளவு குறித்த கயிற்றில் தொங்கவிட்டால், நீரின் தெளிவை அளக்கும் செக்கி தட்டு தயார். ஏஞ்சலோ செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார் 1865இல் கடலில் சோதித்த கருவி இது. இன்றும் இதைவிட மலிவான நம்பகமான கருவி இல்லை என்பது என் கருத்து. வெயில் நன்றாக ஏறிய பிறகு, படகின் நிழல் விழும் பக்கமாகத் தட்டை இறக்கி, அது மறையும் ஆழத்தையும் மேலே இழுக்கும்போது மீண்டும் தெரியும் ஆழத்தையும் குறித்து, இரண்டின் சராசரியை எடுக்க வேண்டும். இரண்டு மீட்டருக்குள் தட்டு மறைந்தால் நீரில் சத்து மிகுந்திருக்கலாம். வண்டல் கலங்கிய பழுப்பு நீரிலும் தட்டு சீக்கிரம் மறையும் என்பதால், நீரின் நிறத்தையும் சேர்த்து எழுதாத அளவீடு பயன்படாது. ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், இரு வாரங்களுக்கு ஒருமுறை அளந்தால்தான் மாற்றம் புலப்படும்.

கரைந்த ஆக்சிஜனை அளக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் பகல் பத்து மணிக்குப் போகிறார்கள். சத்து மிகுந்த குளம் அந்த நேரத்தில் ஏமாற்றிவிடும். பகலில் பாசி ஒளிச்சேர்க்கை செய்து ஆக்சிஜனை வெளியிடுவதால், 25 டிகிரி வெப்பத்தில் நீர் இயல்பாகத் தாங்கக்கூடிய லிட்டருக்கு 8 மில்லிகிராம் என்ற அளவையும் தாண்டிக் கருவி காட்டும். இரவு முழுவதும் அதே பாசியும் அடிச்சேற்றில் உள்ள பாக்டீரியாக்களும் சுவாசித்துத் தீர்ப்பதால் விடியலுக்குச் சற்று முன் அது 2 மில்லிகிராமுக்கும் கீழே இறங்கிவிடக்கூடும். மீன்கள் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவது அப்போதுதான். விடியலில் ஒருமுறையும் பிற்பகலில் ஒருமுறையும் அளந்து, இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாட்டைப் பாருங்கள். அந்த இடைவெளி எவ்வளவு பெரிதோ, குளத்தில் அவ்வளவு பாசி இருக்கிறது.

பச்சையாகத் தெரிவதெல்லாம் ஒரே வகையும் அல்ல. நீண்ட குச்சி ஒன்றை நீரில் விட்டு எடுங்கள்: நூல் நூலாகத் தொங்கினால் அது இழைப்பாசி; பச்சைப் பெயின்டில் தோய்த்தது போல ஒட்டிக்கொண்டிருந்தால் நீலப்பச்சைப் பாசியாக இருக்க வாய்ப்பு அதிகம். ஐயம் இருந்தால், கையுறை அணிந்து, கண்ணாடிக் குப்பியில் முக்கால் பங்கு நீரெடுத்து ஓரிரவு அசையாமல் குளிர்ப்பெட்டியில் வைத்துப் பாருங்கள். நீலப்பச்சைப் பாசி தன் உடலில் உள்ள காற்றுப்பைகளால் மிதந்து மேலே வளையமாகத் திரளும், சாதாரணப் பச்சைப் பாசி அடியில் படியும். மேலே திரண்டால் அந்த நீரில் மனிதரும் கால்நடையும் இறங்கக் கூடாது. அதன் நஞ்சு கொதிக்க வைத்தால் அழிவதில்லை. நீர் ஆவியாக ஆவியாகச் செறிவு கூடவே செய்யும். 2014 ஆகஸ்டில் ஈரி ஏரியில் பரவிய இந்தப் பாசியால் அமெரிக்காவின் டொலிடோ நகரில் லட்சக்கணக்கானோர் குழாய் நீரைக் குடிக்க வேண்டாம் என்று எச்சரிக்கப்பட்டார்கள்.

இனி வரத்துக் கால்வாய்கள். குளத்தைச் சுற்றி நடந்து, நீர் உள்ளே வரும் ஒவ்வொரு வாயையும், மறைந்து கிடக்கும் சிறு குழாய்களையும் சேர்த்து, வரைபடத்தில் குறித்துக் கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் பாஸ்பரஸ் செறிவு, நீரோட்டம் ஆகிய இரண்டையும் அளக்க வேண்டும். செறிவை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதுவதுதான் இந்த வேலையில் நிகழும் பெரிய பிழை. கால்வாயில் பத்து மீட்டரை அளந்து வைத்து, பாதி மூழ்கி மிதக்கும் பொருள் ஒன்றை விட்டு நேரத்தைக் கணக்கிடுங்கள். ஒரு மீட்டர் அகலமும் 20 சென்டிமீட்டர் ஆழமும் உள்ள கால்வாயில் அது 25 நொடியில் கடந்தால், மேற்பரப்பு வேகம் நொடிக்கு 0.4 மீட்டர், அடியில் வேகம் குறைவு என்பதால் 0.85 ஆலும், பிறகு அகலத்தாலும் ஆழத்தாலும் பெருக்கினால் ஓட்டம் நொடிக்கு 0.068 கன மீட்டர், அதாவது 68 லிட்டர். அதில் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் பாஸ்பரஸ் இருந்தால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 2.9 கிலோ வருகிறது. அருகிலேயே நொடிக்கு 2 லிட்டர் மட்டுமே ஒழுகும் சாக்கடை ஒன்றில் லிட்டருக்கு 8 மில்லிகிராம் இருந்தால், அதுவும் நாளுக்கு 1.4 கிலோ கொண்டு வருகிறது. கண்ணுக்கு அற்பமாகத் தெரியும் ஒழுக்கு, பெரிய கால்வாயில் ஏறத்தாழப் பாதியைச் சுமக்கிறது. ஆய்வக அறிக்கை "பாஸ்பேட்" என்று சொல்கிறதா, "பாஸ்பரஸ்" என்று சொல்கிறதா என்பதையும் கவனியுங்கள். முதலாவது எண்ணை ஏறத்தாழ மூன்றால் வகுத்தால்தான் இரண்டாவது கிடைக்கும். வயல் உரம் பெரும்பாலும் மழையோடு மண்ணில் ஒட்டிக்கொண்டு வருவதால், பெருமழை பெய்த அன்றும் ஒருமுறை மாதிரி எடுக்காமல் கணக்கு முழுமையாகாது.

நைட்ரஜனை விட்டுப் பாஸ்பரஸைத் துரத்துவது ஏன் என்று கேட்கலாம். கனடாவின் ஒன்டாரியோவில் 226 என்று எண்ணிட்ட ஏரியை டேவிட் ஷிண்ட்லர் குழுவினர் 1973இல் திரையிட்டு இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும், மறு பாதியில் அவற்றோடு பாஸ்பரஸும் சேர்த்தார்கள். பாஸ்பரஸ் சேர்ந்த பாதி மட்டுமே அடர் பச்சையானது. நைட்ரஜன் குறைந்தாலும் நீலப்பச்சைப் பாசியில் சில இனங்கள் காற்றிலிருந்தே அதை எடுத்துக் கொள்ளும். ஆனாலும் நைட்ரஜனை முற்றிலும் மறந்துவிடுவது சரியல்ல, குறிப்பாக நீர் கடைசியில் கடலோரக் கழிமுகத்தில் சேருமானால்.

வாயை அடைக்க முடிந்தால் அடைப்பதே முதல் தீர்வு. முடியாத இடத்தில், கால்வாய் குளத்தைத் தொடும் முன்பு நாணலும் சம்பும் நட்ட ஆழமற்ற ஈரநிலம் ஒன்றை அமைக்கலாம். காற்றுப் புகாத அதன் சேற்றில் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக மாற்றி வெளியே விடுகின்றன. பாஸ்பரஸுக்கு அத்தகைய வழி கிடையாது. அது மண்ணிலும் தண்டிலும் தங்குகிறது. எனவே செடிகள் காய்ந்து விழும் முன் அறுத்து அப்புறப்படுத்துவதும், படிந்த வண்டலை அவ்வப்போது வாருவதும் பராமரிப்பின் பகுதியாகும். ஆகாயத்தாமரைக்கும் இதே விதிதான்: கரையிலேயே குவித்து வைத்தால் அழுகிய சாறு மழையோடு திரும்பவும் குளத்துக்கே இறங்கும். இயற்கையான சதுப்பு நிலத்தை இந்த வேலைக்குப் பயன்படுத்தாதீர்கள்; சத்து ஏறினால் அங்குள்ள பலவகைச் செடிகளை நெருக்கித் தள்ளிச் சம்பு மட்டும் மிஞ்சும்.

மயில்துத்தத்தை (தாமிர சல்பேட்) கொட்டிப் பாசியைக் கொல்லும் யோசனை எப்போதும் எங்கிருந்தாவது வரும். ஒரே நேரத்தில் மடிந்த பாசி அழுகும்போது ஆக்சிஜன் வற்றி மீன்கள் சாகும், செல்கள் உடைந்து நஞ்சு நீரில் கலக்கும், தாமிரம் சேற்றில் தங்கிவிடும்.

வரத்தை நிறுத்திய பிறகும் பச்சை உடனே மறையாது. அமெரிக்காவின் சியாட்டில் நகரை ஒட்டிய வாஷிங்டன் ஏரியில் கழிவுநீரைத் திருப்பிவிடும் பணி 1963இல் தொடங்கி 1968இல் முடிந்தது. ஆழமான ஏரி என்பதால் எழுபதுகளிலேயே நீர் தெளிந்தது. ஆழம் குறைந்த குளங்களில் அடிச்சேறு ஆக்சிஜன் இழக்கும்போது, இரும்போடு பிணைந்திருந்த பாஸ்பரஸ் விடுபட்டு நீருக்குத் திரும்புகிறது. இது பல ஆண்டுகள் நீடிக்கக்கூடும். அதனால் வரத்து நின்றபின் அடிமட்ட நீரிலும் மேல்மட்ட நீரிலும் தனித்தனியே மாதிரி எடுங்கள். வெயில் காலத்தில் அடிமட்ட நீரில் மட்டும் பாஸ்பரஸ் ஏறிக்கொண்டிருந்தால், அது சேற்றிலிருந்து வருகிறது; தூர் வாருவதைப் பற்றி யோசிக்க வேண்டிய நேரம் அதுதான், அதற்கு முன் அல்ல.