சட்டியில் இல்லாததும் அகப்பையில் வரும்: துகள் இயற்பியல் படிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஒரு முதுகலை மாணவர் தன் நோட்டைக் காட்டினார். "நியூட்ரான் = புரோட்டான் + எலக்ட்ரான் + எதிர்நியூட்ரினோ" என்று எழுதி, சுற்றிலும் சிவப்பு மையில் கட்டம் போட்டிருந்தார். அந்தக் கட்டம் எனக்கு மிகவும் பழக்கமானது. அவர் வயதில் நானும் அதே வரியை எழுதிக் கட்டம் போட்டவள்தான்.

பருப்பொருளைப் பிளந்துகொண்டே போனால் எங்கே போய் நிற்கும் என்பது நல்ல கேள்வி. விடை தேடும் வழியில்தான் வருஷா வருஷம் ஒரே இடத்தில் வழுக்குகிறார்கள். மின்னூட்டக் குறியை மாற்றிப் போடுவது, மியூவானை மீசான் என்பது போன்றவற்றை இங்கே பேசப்போவதில்லை. அவை தானாகவே சரியாகிவிடும்.

சிதைவில் வந்ததெல்லாம் உள்ளே இருந்தது என்று நினைப்பது

தனித்து விடப்பட்ட நியூட்ரான் சராசரியாகச் சுமார் 880 நொடி தாங்கும். பிறகு புரோட்டான், எலக்ட்ரான், எதிர்நியூட்ரினோ (மின்னூட்டமில்லாத, மிக லேசான துகள்) என்று மூன்றாகச் சிதையும். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும், ஆகவே மூன்றும் முன்பே உள்ளே இருந்திருக்க வேண்டும் என்று மனசு சொல்லும். தவறு அங்கேதான் தொடங்குகிறது.

முதுகலை புராஜெக்ட்டில் இதற்கு நான் கொடுத்த விலை இரண்டரை மாதம். நீளமான நோட்டு ஒன்றில் இடப்பக்கம் துகளின் பெயர், வலப்பக்கம் "உள்ளே இருப்பவை" என்று தலைப்பிட்டு, சிதைவு அட்டவணையைப் பார்த்துப் பார்த்து நிரப்பினேன். நேர்மின் கேயான் என்ற துகளின் வரிசைக்கு வந்தபோது இடம் போதவில்லை. ஒரு சமயம் மியூவானும் நியூட்ரினோவும், ஒரு சமயம் இரண்டு பையான், இன்னொரு சமயம் மூன்று பையான். அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். நானோ "நிலை 1, நிலை 2, நிலை 3" என்று பெயரிட்டு, ஒரே துகளுக்கு மூன்று உள்ளமைப்பு எழுதினேன். வழிகாட்டி நோட்டை வாங்கிப் புரட்டி, மின்னூட்டமற்ற பையான் வரிசையில் பென்சிலை வைத்தார். "ஏம்மா, இது ரெண்டு ஃபோட்டானா சிதையுதே, அப்போ பையான் வெளிச்சத்தால செஞ்சதா?" நோட்டு முழுவதும் வீண்.

இந்தத் தவறுக்குப் பெரிய பரம்பரை உண்டு. புரோட்டானும் எலக்ட்ரானும் இறுகப் பிணைந்த நடுநிலைத் துகள் ஒன்று இருக்கலாம் என்று 1920-இல் சொன்னவர் ரூதர்ஃபோர்டு. அணுக்கருவுக்குள் எலக்ட்ரான்கள் இருப்பதாகவே அன்று பலரும் நம்பினார்கள். அதை உடைத்தது நைட்ரஜன்-14. அதன் கருவில் 14 புரோட்டானும் 7 எலக்ட்ரானும் இருந்தால் மொத்தம் 21 துகள். ஒவ்வொன்றின் தற்சுழற்சியும் (ஸ்பின் எனப்படும் உள்ளார்ந்த பண்பு) அரை. ஒற்றைப்படை எண்ணிக்கையில் அரைகளை எப்படிக் கூட்டினாலும் கழித்தாலும் முழு எண் வராது. அளவீட்டில் வந்ததோ 1. சாட்விக் 1932-இல் கண்டுபிடித்த நியூட்ரானை அரைத் தற்சுழற்சி கொண்ட தனித் துகளாக எடுத்துக்கொண்டால் 7 புரோட்டான் + 7 நியூட்ரான் = 14, இரட்டைப்படை; கணக்கு நேராகிறது.

அப்படியானால் எலக்ட்ரான் எங்கிருந்து வந்தது? சிதையும் அந்தக் கணத்தில் உருவானது. அணு ஒளியை உமிழ்வதற்கு முன் ஃபோட்டான் அதற்குள் காத்திருப்பதில்லை அல்லவா, அது போலத்தான் என்று 1933–34-இல் ஃபெர்மி தன் கோட்பாட்டை அமைத்தார். இன்றைய மொழியில் சொன்னால், நியூட்ரானுக்குள் உண்மையில் இருப்பவை குவார்க் என்ற சிறு துகள்கள்; அவற்றில் டவுன் என்ற வகைக் குவார்க் ஒன்று அப் என்ற வகைக் குவார்க்காக மாறுகிறது. அந்த மாற்றத்தில் எலக்ட்ரானும் எதிர்நியூட்ரினோவும் பிறக்கின்றன.

இன்னும் சந்தேகம் இருந்தால் ஹிக்ஸ் துகளை எடுத்துக்கொள்ளுங்கள். அது பாட்டம் குவார்க் இணையாகவும் சிதையும், W துகள் இணையாகவும் சிதையும், இரண்டு ஃபோட்டானாகவும் சிதையும். இதில் எதை அதன் செங்கல் என்பீர்கள்?

உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று அறிய, துகள் தானாகச் சிதையும்வரை காத்திருக்கக் கூடாது; அதன் மேல் மோதிப் பார்க்க வேண்டும். 1909-இல் தங்கத் தகட்டில் பட்ட ஆல்பாத் துகள்களில் சில பின்னோக்கித் திரும்பின, அணுக்கரு தெரிந்தது. 1960-களின் கடைசியில் ஸ்டான்ஃபோர்டின் நேர்கோட்டு முடுக்கியில் புரோட்டான்மேல் எலக்ட்ரான்களை வீசினார்கள். எதிர்பார்த்ததைவிட மிக அதிகமானவை பெரிய கோணத்தில் தெறித்தன. புரோட்டானுக்குள் கெட்டியான சிறு மையங்கள் இருப்பது அப்படித்தான் தெரியவந்தது.

பகுதிகளின் நிறையைக் கூட்டுவது

புரோட்டானின் நிறை 938 மெகா எலக்ட்ரான் வோல்ட் (துகள்களின் நிறையை ஆற்றல் அலகில்தான் சொல்வோம்). இரண்டு அப், ஒரு டவுன் குவார்க்கின் நிறைகளைக் கூட்டினால் சுமார் 9. மிச்சமெல்லாம் குவார்க்குகள், அவற்றைப் பிணைக்கும் குளுவான்கள் ஆகியவற்றின் இயக்கத்திலும் பிணைப்பிலும் உள்ள ஆற்றல். சுவரின் எடை செங்கற்களின் எடை என்ற கணக்கு அணுவில் ஏறக்குறைய செல்லும். புரோட்டானுக்குள் செல்லாது.

ஒரு குவார்க்கைத் தனியே எடுத்துக் காட்டச் சொல்வது

வராது. இழுக்க இழுக்க, இழுத்த ஆற்றலிலிருந்து புதிய குவார்க் இணைதான் பிறக்கும்.

"எலக்ட்ரான் ஒரு புள்ளி என்று நிரூபித்துவிட்டார்கள்"

நிரூபிக்கவில்லை. இதுவரை நுழைந்து பார்த்த தூரம்வரை உள்ளமைப்பு தென்படவில்லை, அவ்வளவுதான். குவார்க்குகளுக்கும் இதே கதைதான்; அவற்றுக்கு அந்தத் தூரம் சுமார் 10⁻¹⁹ மீட்டர்.

"இன்னும் சிறியது இருந்தே தீரும்"

அணு, அணுக்கரு, புரோட்டான், குவார்க் என்று இறங்கி வந்தவர்களுக்கு அடுத்த படியும் இருக்கும் என்று தோன்றுவது இயல்பு. ஜோகேஷ் பதியும் அப்துஸ் சலாமும் 1974-லேயே அப்படிப்பட்ட உட்துகள்களைப் பற்றி யோசித்தார்கள். பிரியான் என்று பெயரும் உண்டு. மாணவர்கள் அதைப் பற்றி எழுதலாம், எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஒரு கணக்கைப் போட்டுவிட்டு எழுதுங்கள். 10⁻¹⁹ மீட்டருக்குள் ஒரு துகளை அடைத்தால், நிச்சயமின்மைக் கொள்கைப்படி அதன் இயக்க ஆற்றல் சுமார் 20 லட்சம் மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆகும். அப்படிப்பட்ட பிரியான்கள் சேர்ந்து உருவாகும் அப் குவார்க்கின் நிறையோ சுமார் 2 மெகா எலக்ட்ரான் வோல்ட். மீதி அத்தனையும் எப்படிக் கழிந்துபோனது என்பதற்கு விடை இல்லாத புராஜெக்ட்டை நான் திருப்பித்தான் கொடுப்பேன்.