படிக்கத் தடுமாறும் குழந்தைக்கு: எந்த எழுத்தில் சிக்கல் என்று முதலில் பாருங்கள்

நான்காம் வகுப்பு வந்தும் எழுத்துக்கூட்டியே படிக்கும் குழந்தையைத் திரும்ப 'அ, ஆ'வில் உட்கார வைப்பதுதான் வழக்கம். பெரும்பாலும் அது வீண். உயிரும் மெய்யும் தெரிந்திருக்கும். 216 உயிர்மெய்யில் எங்கோ சிக்கியிருக்கும். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் 2022 முதல் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் குழந்தைகளை அவர்கள் கற்றிருக்கும் நிலையைப் பார்த்து அரும்பு (தொடக்க நிலை), மொட்டு, மலர் என்று பிரிக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் ஒரே அரும்புக் குழுவிலேயே ஒருவருக்குக் கொம்பு தகராறு, இன்னொருவருக்குப் புள்ளி.

ஒரு தாளில் 20 உயிர்மெய், 10 சொற்கள், நான்கு வரிப் பத்தி ஒன்று எழுதுங்கள். எழுத்துகளைக் கலைத்துப் போடுங்கள். வரிசையாக இருந்தால் பார்க்காமலே ஒப்பித்துவிடும். படிக்கும்போது திருத்த வேண்டாம். குழந்தை சொன்னதை அப்படியே அந்தச் சொல்லுக்கு மேலே குறித்துக்கொள்ளுங்கள். மதிப்பெண்ணைவிட அந்தக் குறிப்புதான் பயன்படும்.

'படம்' என்பதைப் 'பாடம்' என்றால் குறில், நெடில் குழப்பம். 'பாட்டு' 'பாடு' ஆனால் புள்ளி வைத்த எழுத்தைத் தாண்டிப் போகிறது. 'கொடி'யைக் 'கெடி' என்றால் கொம்பைப் பார்த்துவிட்டுக் காலை விட்டுவிட்டது. 'மரங்கள்' வெறும் 'மரம்' ஆனால் முதல் இரண்டு எழுத்தை வைத்து மீதியை ஊகிக்கிறது. 'வாழைப்பழ'த்தை 'வாளப்பளம்' என்று படித்தால் அதை வாசிப்புத் தவறாக எண்ணாதீர்கள். வீட்டில் அப்படித்தான் பேசுவார்கள். எழுத்து தெரிந்துதான் படித்திருக்கிறது.

இனி, சிக்கிய குறியை மட்டும் எடுங்கள். வாரத்துக்கு ஒன்று போதும். ஆ, இ, ஈ குறிகள் பெரும்பாலும் ஒரே மாதிரி வருவதால் சுலபம். உகரம் அப்படியல்ல, எழுத்துக்கு எழுத்து உருவம் மாறும். அதனால் உருவம் ஒத்தவற்றைச் சேர்த்துக் கொடுங்கள்: பு, சு, யு, வு ஒரு நாள், து, நு, லு, று இன்னொரு நாள், கு, டு, மு, ரு பிறகு.

கொம்புதான் அதிகம் படுத்தும். எழுதுவது முன்னால், ஒலிப்பது பின்னால். இடமிருந்து வலமாகப் போகும் கண் அங்கே நின்றுவிடுகிறது. கெட்டி அட்டையில் 'ம' எழுதி, கொம்பையும் காலையும் தனித்தனித் துண்டுகளில் எழுதுங்கள். முதலில் 'ம' அட்டையைக் காட்டிச் சொல்லவிடுங்கள். இடப்பக்கம் ஒற்றைக்கொம்பை வைத்தால் 'மெ'. அதை எடுக்காமலே வலப்பக்கம் காலை வைத்தால் 'மொ'. துண்டுகளைக் குழந்தையே நகர்த்த வேண்டும். ம, ப, க, த நான்கில் சரளமாக வரும்வரை தினமும் ஐந்து நிமிடம். மற்ற எழுத்துகளுக்கு அவசரமில்லை.

ஒரு நாள் பாடத்துக்கு 25 நிமிடம் போதும். வாரம் ஐந்து நாள் விடாமல் நடக்க வேண்டும். நேற்றுப் படித்ததை மறுபடி படிப்பதில் தொடங்கி, புதிய குறி, அந்தக் குறி வரும் ஐந்து சொல் எழுதுதல், கடைசியில் நீங்கள் ஒரு கதை படித்துக் காட்டுதல். தடுமாறினால் மனதுக்குள் ஐந்து எண்ணும்வரை காத்திருங்கள். வராவிட்டால் சிக்கிய எழுத்தை விரலால் காட்டுங்கள். அப்போதும் வராவிட்டால் சொல்லைச் சொல்லிவிட்டு நகருங்கள். பத்துச் சொல்லில் ஒன்றுக்கு மேல் தவறினால் அந்தப் பாடம் கடினம், மாற்றுங்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான புத்தகங்களும் வேண்டாம். ணை, லை, னை அவற்றில் வேறு உருவத்தில் இருக்கும்.

பாடநூல் நடை குழந்தையின் பேச்சிலிருந்து வெகு தூரம். அதற்கு ஒரு பாலம் வேண்டும். குழந்தை சொல்வதை அப்படியே எழுதுங்கள்: 'நேத்து ஆடு குட்டி போட்டுச்சு'. தன் வாயிலிருந்து வந்ததைத் தயங்காமல் படிக்கும். மறுநாள் அதன் கீழே 'நேற்று ஆடு குட்டி போட்டது' என்று எழுதி இரண்டையும் படிக்கவிடுங்கள். 'விளையாடிக்கொண்டிருந்தார்கள்' போன்ற நீளமான சொல்லைப் பென்சில் கோட்டால் 'விளையாடிக் / கொண்டிருந் / தார்கள்' என்று வெட்டிக் கொடுங்கள். துண்டு துண்டாக மூன்று முறை படித்ததும் கோட்டை அழித்துவிடலாம்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதே வகைத் தாளைப் புதுச் சொற்களோடு கொடுத்துப் பாருங்கள். தொடங்கும்போதே கண்ணையும் காதையும் பரிசோதித்துவிடுங்கள். மூன்று மாதம் ஒழுங்காக நடத்தியும் அதே தவறுகள் நீடித்தால், டிஸ்லெக்சியா (வாசிப்பதில் வரும் கற்றல் குறைபாடு) இருக்கிறதா என்று கற்றல் குறைபாட்டு வல்லுநரிடம் காட்டுங்கள். பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகள் பெறச் சான்றிதழ் தேவை. அதைப் பத்தாம் வகுப்புவரை தள்ளிப்போட வேண்டாம்.