சம்பள ஷீட்டை புது லேபர் கோடுக்கு மாத்துறது எப்படி

2025 நவம்பர் 21-லேர்ந்து பழைய 29 சட்டத்துக்குப் பதிலா நாலு லேபர் கோடு (தொழிலாளர் சட்டத் தொகுப்பு) அமலுக்கு வந்தாச்சு, ஆனா எங்க பக்கம் பாதி ஓனருங்க இன்னும் "ரூல்ஸ் எல்லாம் வரட்டும், பாத்துக்கலாம்"னு உக்காந்திருக்காங்க. திருப்பூர்ல சின்ன பனியன் கம்பெனிங்களுக்கு அக்கவுண்ட்ஸ் பாக்குற ஆளா சொல்றேன், அதுவரைக்கும் காத்திருக்காதீங்க, மொதல்ல எக்செல்ல தொறங்க.

ஆபீஸ் ஸ்டாஃப் ஒருத்தர எடுத்துக்கங்க. மாசம் 30,000. நம்மாளுங்க வழக்கமா பிரிக்கிறது எப்படி? பேசிக் (அடிப்படை சம்பளம்) 10,000, ஹெச்ஆர்ஏ (வீட்டு வாடகைப் படி) 12,000, கன்வேயன்ஸ் (போக்குவரத்துப் படி) 8,000. பேசிக்க கம்மி பண்ணா பிஎஃப்பும் (வருங்கால வைப்பு நிதி) கிராஜுவிட்டியும் (வேலைய விடும்போது குடுக்குற பணிக்கொடை) கம்மியாகும், அதான் அந்தக் கணக்கு. இனி அது செல்லாது. ஹெச்ஆர்ஏ, கன்வேயன்ஸ், ஓடி (ஓவர்டைம்), கமிஷன்னு சட்டம் "வேஜஸ்"க்கு (பிஎஃப், கிராஜுவிட்டி கணக்குக்கு எடுத்துக்குற சம்பளம்) வெளிய விட்ட ஐட்டத்தையெல்லாம் கூட்டுங்க, அது மொத்தத்துல பாதியத் தாண்டுச்சுன்னா தாண்டுன பணம் திரும்ப வேஜஸுக்குள்ள வந்துரும். இங்க கூட்டுனா 20,000 வருது, பாதி 15,000 தான், அப்ப மிச்சம் 5,000 பேசிக்கோட சேர்ந்து வேஜஸ் 15,000.

சரி, ஹெச்ஆர்ஏவ கொறச்சு "ஸ்பெஷல் அலவன்ஸ்"னு பேர மாத்திப் போட்டா தப்பிச்சுரலாம்னு ஒருத்தர் ஐடியா குடுத்தாரு. அதான் பெரிய பொறி. வெளிய விட்ட லிஸ்ட்ல இல்லாத சாதா அலவன்ஸ் நேரா வேஜஸ்லயே சேரும், அதுக்கு பாதிக் கணக்கெல்லாம் கெடையாது, நீங்களே வேஜஸ ஏத்தி விட்ட மாதிரி ஆயிரும்.

இப்ப பிஎஃப். 10,000க்கு 12 பர்சென்ட் 1,200 கட்டிட்டு இருந்தீங்கன்னா 15,000க்கு 1,800, ஆளுக்கு 600 அதிகம், உங்களுக்கும் 600 அதிகம். ஏற்கனவே பிஎஃப் சீலிங்கான (கட்டாயமா பிடிக்க வேண்டிய சம்பள உச்சவரம்பு) 15,000 அளவுக்கே கட்டுறவங்களுக்கு மாத்தமே இல்ல. கிராஜுவிட்டில தான் நெஜமா அடி: 15-ஐ 26-ஆல வகுத்து வேஜஸால பெருக்குனா ஒரு வருஷ சர்வீசுக்கு 5,769 இருந்தது 8,654 ஆகுது. அதோட, ஃபிக்ஸட் டேர்ம்ல (இத்தன காலம்னு ஒப்பந்தம் போட்டு) எடுத்த ஆளுக்கு அஞ்சு வருஷம் எல்லாம் வேண்டாம், ஒரு வருஷம் முடிச்சாலே கிராஜுவிட்டி உண்டு. அதுக்கு மாசாமாசம் தனியா ஒதுக்கி வைங்க.

செட்டில்மென்ட்டும் மாறிருச்சு. ஆள் வேலைய விட்டாலும் சரி, நீங்க நிறுத்துனாலும் சரி, ரெண்டு வேலை நாளுக்குள்ள பாக்கி சம்பளம் போயிரணும். நான் முன்னாடி இருந்த ஒரு மில்லுல ஒரு பையன் 45 நாள் கேட்ல வந்து நின்னுட்டுப் போவான், ஸ்டோர் கீப்பர் நோ டியூஸ்ல (பாக்கி எதுவும் இல்லைங்கிற ஃபார்ம்) கையெழுத்துப் போடலைன்னு. அதனால ராஜினாமா லெட்டர் வாங்குற அன்னிக்கே நோ டியூஸ் ஃபார்ம சுத்த விட்ருங்க, கடைசி நாளுக்காக வச்சிருக்காதீங்க. கிராஜுவிட்டிக்கு மட்டும் 30 நாள் டைம் இருக்கு.

அப்பாயின்மென்ட் லெட்டர் இல்லாம யாரையும் வச்சிருக்காதீங்க, கட்டிங் செக்ஷன்ல இருக்குறவங்களுக்கும் சேத்து தான். மாச சம்பளம் அடுத்த மாசம் 7-ஆம் தேதிக்குள்ள.

எல்லாம் மாத்துனதும் சம்பளம் போடுறதுக்கு முன்னாடியே ஸ்டாஃப கூப்பிட்டு பழைய ஸ்லிப்பையும் புது ஸ்லிப்பையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக் காட்டிருங்க, இல்லன்னா 600 எங்க போச்சுன்னு கேட்டு 7-ஆம் தேதி காலைல உங்க டேபிள் முன்னாடி க்யூ நிக்கும்.