எல்லையோரக் குடும்பங்களுக்கு: பிள்ளை கஸ்டடி மனு எங்கே, எப்படிப் போடுவது

என் தங்கை இருப்பது பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில், அவள் கணவர் வீடு பொள்ளாச்சிப் பக்கம். இருவரும் பிரிந்த பிறகு பிள்ளைகள் யாரிடம் இருப்பது என்ற பேச்சு எழுந்ததும், வழக்கை கேரளாவில் போடுவதா தமிழ்நாட்டில் போடுவதா என்பதிலேயே வேலை நின்றுவிட்டது. அவளுடன் அலைந்து தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். வக்கீல் பிடிப்பது, வக்காலத்தில் கையெழுத்துப் போடுவதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

படி 1: எந்தக் கோர்ட்?

ஆளுக்கொன்று சொன்னார்கள். கல்யாணம் நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்றார் ஒருவர், அப்பா இருக்கும் இடத்தில் என்றார் இன்னொருவர். கல்யாணம் நடந்த ஊர் என்பது விவாகரத்து வழக்குக்கான கணக்கு. கஸ்டடிக்கு 1890ஆம் வருடத்துக் காப்பாளர் சட்டத்தின் 9ஆம் பிரிவைப் பார்க்க வேண்டும். பிள்ளை வழக்கமாக எங்கே வசிக்கிறதோ அந்த எல்லைக்குள் இருக்கும் கோர்ட்டுக்குத்தான் அதிகாரம், குடும்ப நீதிமன்றம் இருக்கும் இடத்தில் அங்கே. லீவுக்கு அப்பத்தா வீட்டுக்குப் போன பிள்ளையை அங்கேயே நிறுத்திக்கொண்டதால் மட்டும் அது வழக்கமாக வசிக்கும் இடம் ஆகிவிடாது.

இதை வாயால் சொன்னால் போதாது, காகிதம் வேண்டும். பள்ளியில் போனஃபைட் சர்டிபிகேட் (பிள்ளை அங்கே படிக்கிறது என்ற சான்று) வாங்குங்கள், அங்கன்வாடிப் பதிவு, ரேஷன் கார்டு இருந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆதாரை மட்டும் நம்பாதீர்கள், பலருக்கு அதில் பழைய முகவரிதான் இருக்கும். என்னைக் கேட்டால் தடுப்பூசி அட்டைதான் முதலில் தேட வேண்டியது. தங்கையின் சின்னவனுக்கு ஒவ்வொரு ஊசிக்கும் தேதியும் உள்ளூர் அரசு ஆஸ்பத்திரி முத்திரையும் வரிசையாக இருந்தன, ஓரம் கிழிந்த அந்த மஞ்சள் அட்டைக்கு மேல் யாரும் பெரிதாக வாதாடவில்லை. தமிழில் உள்ள ஆவணங்களுக்கு மொழிபெயர்ப்பும் சேர்த்துக் கொடுங்கள், கேரளக் கோர்ட்டில் அது இல்லாமல் வாய்தா தள்ளிப்போகும்.

படி 2: இடைக்கால உத்தரவு கேளுங்கள்

மெயின் மனுவோடு சேர்த்து அதே 1890ஆம் வருடச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி இடைக்கால உத்தரவும் கேளுங்கள், தயவுசெய்து இதைத் தள்ளிப்போடாதீர்கள். கோர்ட் உத்தரவு இல்லாதபோது அப்பா தன் பிள்ளையைக் கூட்டிப்போனால் போலீஸ் அதைப் பொதுவாகக் கடத்தலாக எடுக்காது, குடும்பத் தகராறு என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். கையில் உத்தரவு இருந்தால் நிலைமை வேறு. பிள்ளையின் அப்பாவுக்குப் பார்க்கும் நாட்களையும் வீடியோ கால் நேரத்தையும் நீங்களே மனுவில் எழுதிக் கொடுங்கள். அப்பாவைப் பார்ப்பது பிள்ளையின் உரிமையும்தான்.

படி 3: யாருக்கு உரிமை?

இந்துக்களுக்கு 1956ஆம் வருட இந்து மைனர், காப்பாளர் சட்டம் அப்பாவை முதல் காப்பாளர் என்கிறது, அவருக்குப் பிறகு அம்மா. அந்த ‘பிறகு’ அவர் இறந்த பிறகு மட்டும் அல்ல என்று 1999இல் கீதா ஹரிஹரன் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. ஐந்து வயது நிறையாத பிள்ளை சாதாரணமாக அம்மாவிடம். ஆனால் எல்லாவற்றுக்கும் மேலே பிள்ளையின் நலன்தான், அந்தச் சட்டத்தின் 13ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. விவரம் தெரிந்த பிள்ளை என்றால் நீதிபதி அதன் விருப்பத்தையும் கேட்கலாம். அதற்காகப் பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக் கூட்டிப்போவது கொடுமை, செய்யாதீர்கள்.

பணம் இல்லையே என்று நின்றுவிடாதீர்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு, சட்ட உதவி எண் 15100க்குப் போன் செய்யுங்கள். வழக்கு எண் கிடைத்ததும் அந்த வழக்குக்கென்றே தரும் 16 எழுத்து சிஎன்ஆர் எண்ணைக் குறித்துக்கொண்டு ஈ-கோர்ட்ஸ் ஆப்பில் வாய்தா தேதி பாருங்கள். குமாஸ்தாவுக்குப் போன் போட்டுக் காத்திருப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

பிறகு சேர்த்தது: பிள்ளையே வீட்டை விட்டு வந்துவிட்டால்?

பதினேழு வயதுப் பெண் அடி தாங்காமல் எல்லையிலுள்ள வாளையார் தாண்டி மாமா வீட்டுக்கு வந்துவிட்டாள், என்ன செய்வது என்று ஒருவர் கேட்டிருந்தார். வீட்டை விட்டு வந்தது அந்தப் பெண் செய்த குற்றம் அல்ல. ஆனால் 18 வயது ஆகும்வரை தனியாக இருக்கிறேன் என்று சொல்லும் உரிமை நம் சட்டத்தில் இல்லை, ஆகவே மாமா அவளை ஒளித்துவைத்தால் பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இ.பி.கோவுக்குப் பதிலாக வந்த சட்டம்) 137ஆம் பிரிவில் அவர்மேலேயே கடத்தல் புகார் வரலாம். மேஜராகும் வயதை நெருங்கிய பெண் தானாக வந்தால் அது ‘கூட்டிப்போனது’ ஆகாது என்று 1964இல் மெட்ராஸிலிருந்து போன வரதராஜன் வழக்கில் சுப்ரீம் கோர்ட் விடுதலை கொடுத்தது உண்மை, ஆனால் அது கைதாகி, வழக்கு நடந்து, கடைசியில் கிடைத்த விடுதலை.

அதனால் அன்றைக்கே குழந்தைகள் உதவி எண் 1098க்குச் சொல்லுங்கள். எல்லையில் போன் எந்த மாநில டவரைப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது, மாவட்டப் பெயரை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பிள்ளையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் கொண்டுபோக வேண்டும், பயண நேரம் அதில் சேராது. வீட்டுக்குப் போகப் பயமாக இருக்கிறது என்றால் ஏன் என்பதை அவளே அங்கே சொல்லலாம், பொருத்தமான உறவினர் வீட்டில் விடவும் குழுவுக்கு அதிகாரம் இருக்கிறது. மாமாவும் அவளுடன் போய், அவளை வைத்துப் பார்த்துக்கொள்ளத் தயார் என்று எழுதிக் கொடுக்கட்டும்.