உயரம் குறிக்கும் பலகையை 0-வில் தொடங்காதீர்கள்

பிள்ளைகளின் உயரம் குறிக்க வீட்டிலேயே மரப்பலகை செய்கிறீர்கள் என்றால், அதன் அடி நுனியை 0 என்று வைக்காமல் 15 செ.மீ. என்று வைத்து மேலே அளவு போடுங்கள், அப்புறம் தரையிலிருந்து சரியாக 15 செ.மீ. விட்டுச் சுவரில் மாட்டுங்கள். சுவரின் அடியில் துருத்திக்கொண்டிருக்கும் ஸ்கர்ட்டிங் டைல்ஸ் இடிக்காது, பலகை சுவரோடு ஒட்டி நேராக நிற்கும், வீடு துடைக்கும் தண்ணீரும் மரத்தில் ஏறாது. நிற்கத் தெரிந்த எந்தக் குழந்தைக்கும் அந்தக் கீழ்ப்பகுதி தேவையே இல்லை. 5 அடிப் பலகையிலேயே 167 செ.மீ. வரை குறிக்கலாம், மரச்செலவும் மிச்சம்.

ஆணியடிக்க முடியாத வாடகை வீட்டில் பலகையைத் தரையில் ஊன்றி நிறுத்துவதாக இருந்தால் இது சரிவராது, அதற்கு 0-விலிருந்தே குறியுங்கள். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தையைப் படுக்கவைத்துத்தான் அளக்க வேண்டும், அங்கே இந்தப் பலகைக்கு வேலையில்லை.