கொடைக்கானல் குளிரில் ஆடப் போகிறீர்களா?

கொடைக்கானலில் திறந்தவெளி ஜாம் பேண்ட் (பாட்டை மேடையிலேயே மனோதர்மமாக நீட்டி வாசிக்கும் இசைக்குழு) கச்சேரிக்குப் போகிறீர்கள் என்றால், ஊர் 2,000 மீட்டருக்கு மேலே இருப்பதை மறக்க வேண்டாம். அன்றைக்குத்தான் மலை ஏறி வந்தவருக்கு நாலு குதி குதித்தாலே மூச்சு வாங்கும். ஜாம் பேண்ட் ஒரே பாட்டைக் கால் மணி நேரம்கூட இழுக்கும். கிட்டார்காரர் சுற்றி வளைத்து மெதுவாகத்தான் உச்சத்துக்குப் போவார். அதுவரை தோளும் தலையும் ஆடட்டும், குதிப்பதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

உண்மையான தொல்லை வியர்வைதான். பாட்டு நின்றதும் நனைந்த பனியன் முதுகில் சில்லென்று ஒட்டும், அப்புறம் நடுக்கம். ஆடும்போது ஸ்வெட்டரை இடுப்பில் கட்டிக்கொண்டு, முடிந்ததும் உலர்ந்த பனியனுக்கு மாறி அதன்மேல் போடுங்கள். பருத்தி சீக்கிரம் காயாது. விளையாட்டு டீ-ஷர்ட் தேவலை. பனி இறங்கிய புல் வழுக்கும், ரப்பர் செருப்பு வேண்டவே வேண்டாம். ஸ்பீக்கர் பக்கம் நிற்பவர்களுக்குப் பஞ்சு போதாது, இயர்பிளக் வாங்கிக்கொள்ளுங்கள்.